கரை திருப்பும் விசை

கோரைமேடு கடலானது புயல் அடித்த அன்று அல்ல. அதற்கு நான்கு மாதம் முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அது கடலாகிவிட்டது. அன்று காற்றுகூட இல்லை. மாசிலாமணி வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடம் வரைபடத்தில் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது.

அந்த வரைபடத்துக்கு 'முன்வரை' என்று பெயர். நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். கரை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று கணித்து, அதையே இன்றைய கரையாகக் காட்டும். கடல் தின்னப்போகும் மண்ணில் பள்ளிக்கூடமும் சாலையும் கட்டி வீணாக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மின்சாரமும் ஆம்புலன்சும் புயல் எச்சரிக்கையும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் போயின. கோரைமேட்டில் முதலில் கரண்ட் நின்றது. சோலார் விளக்கு வைத்துச் சமாளித்தார்கள். பிறகு, வடக்கே போக வேண்டிய புயல் விடியற்காலையில் திசை மாறியது. அந்தச் செய்தி நிலத்தில் இருந்த எல்லாக் கைபேசிகளுக்கும் வந்தது. கடலுக்கு யாரும் எச்சரிக்கை அனுப்புவதில்லை.

இருபத்தேழு பேர் செத்தார்கள். மாசிலாமணி தன் வீட்டுக்குள், பாயிலேயே கிடந்தான். சான்றிதழில் 'இறந்த இடம்' என்ற கட்டத்தில் 'வங்கக் கடல்' என்று போட்டிருந்தார்கள். அதைக் கையெழுத்திட்டு வாங்கியவள் அவனுடைய அக்கா அஞ்சுகம்.

அஞ்சுகம் அதே முன்வரையில் களச் சரிபார்ப்பாளராக இருந்தாள். கடலாகப்போகும் இடங்களின் பட்டியல் மாதம் ஒன்று வரும். முப்பது நாள் கெடு. அதற்குள் சரிபார்ப்பாளர் போய், நின்று, அளந்து, 'இது தரை' என்று ஆட்சேபம் பதிந்தால் ஓராண்டுக்கு அந்த இடம் தரையாகவே இருக்கும். யாரும் பதியாவிட்டால் கடைசி நாள் நான்கு மணிக்குக் கடல். கோரைமேடு பட்டியலில் வந்தபோது அவள் இரண்டு நாள் நடந்து நாற்பத்தொரு புள்ளிகள் அளந்தாள். காரணம் என்ற இடத்தில் 'உயிர் ஆபத்து' என்று எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது. 'சரிபார்ப்பாளர் அதே ஊரில் பிறந்தவர், பற்றினால் பிழை நேரலாம், நிராகரிக்கப்படுகிறது.' கீழே தலைமை விஞ்ஞானி டாக்டர் நந்தகோபனின் கையெழுத்து.

விசாரணைக் கமிஷனில் நந்தகோபன் அமைதியாகப் பேசினார். "கடலாக்கிய கரையைத் திரும்பத் தரையாக்க இதில் வழியே கிடையாது. இருந்திருந்தால் நானே செய்திருப்பேன்."

கடைசி வரிசையில் இருந்த அஞ்சுகம் அதை நம்பவில்லை. வரைபடக்காரர்கள் பழைய தாளைக் கிழிப்பதில்லை. புதிய தாளை அதன் மேல் போடுவார்கள். கணினி வந்த பிறகும் வழக்கம் அதுதான். அடியில் பழைய கரை இருக்கும். அதை மேலே கொண்டுவர ஒரு விசையும் இருக்கும். அதை யார் தேடினாலும் காட்ட மாட்டார்கள். நந்தகோபனே தன் கையால், நாலு பேர் பார்க்க இழுத்தால்தான் உண்டு.

அவள் சென்னைத் தென்கரைக்கு மாற்றல் கேட்டாள். நந்தகோபனின் வீடு அங்கே, கானத்தூர் தாண்டிக் கடலைப் பார்த்து இருந்தது. ஒருநாள் பட்டியல் அந்த வீட்டுக்கும் வரும். அவள் ஐந்து வருடம் காத்திருந்தாள்.

போன மாதம் வந்தது.

*

தேசிய நிலவரைபட மாநாட்டின் கடைசி நாள். அரங்கத்தில் குளிர் அதிகம். வெளிக்கூடத்தில் டிரோன் விற்பவர்களும் செயற்கைக்கோள் படம் விற்பவர்களும் கடை போட்டிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு நீலப் பட்டியில் அடையாள அட்டை. களப் பணியாளர்களுக்கு மஞ்சள். மஞ்சள் அட்டைக்காரர்கள் பத்தாவது வரிசைக்கு முன்னால் உட்காரக் கூடாது.

"பாத்தியளாக்கா, அம்பது வயசுல கழுத்துல மஞ்சக் கயித்தக் கட்டிப்புட்டானுவ," என்றார் சவரிமுத்து. தூத்துக்குடிக் கரைக்கு அவர்தான் சரிபார்ப்பாளர். தமிழ்நாட்டுக் கரை முழுவதற்கும் இப்போது மிச்சம் இருப்பது ஒன்பது பேர். "வீட்டுல தெரிஞ்சா அடி விழும்."

"மாப்ள யாராம்?"

"வேற யாரு? நந்தகோபன் சாருதான். வாழ்நாள் விருது வாங்குதாரு. நாலு மணிக்கு இந்த மாசக் கெடுவை மேடையிலயே ஓடவிட்டுக் காட்டப் போறாராம். பச்சை நீலமா மாறுறத நாம கைதட்டிப் பாக்கணும்."

"கன்ட்ரோல் பெட்டிய இங்கயே எடுத்தாந்துட்டாங்களா?"

"மேடையில இருக்கு பாருங்க. ஒரிஜினல். அவரு விரல் வெச்சாத்தான் தொறக்குமாம்." சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசப் பட்டியல்ல அவரு வீடும் இருக்குன்னு பேசிக்கிடுதாவளே. உங்க ஏரியாதான?"

"ஆமா."

"போட்டாச்சா?"

"கெடு முடியிறவரிக்கும் சொல்லக்கூடாது, தெரியாதா உனக்கு?"

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த சமோசாவைப் பிட்டார்.

அந்த விதி கோரைமேட்டுக்குப் பிறகு வந்தது. நிராகரித்த ஆட்சேபத்தைத் தூக்கிக்கொண்டு அஞ்சுகம் பத்திரிகைக்காரர்களிடம் ஓடினாள். அப்படி இன்னொருத்தர் ஓடக் கூடாது என்று நந்தகோபன் இரண்டு விதிகள் போட்டார். ஒன்று, ஆட்சேபத்தை அந்த இடத்தில் நின்றுதான் பதிய முடியும்; வேறெங்கிருந்தும் கருவி ஏற்காது. இரண்டு, பதிந்ததா இல்லையா என்பது கெடு முடியும்வரை மூடிய உறையில் இருக்கும். பார்க்க யாருக்கும் முடியாது, அவருக்கும் சேர்த்து.

*

காலையில் அவள் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

கதவைத் திறந்தது ஒரு நர்ஸ் பெண். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் நந்தகோபனின் அக்கா சுகந்தா படுத்திருந்தாள். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"வாம்மா. அளக்க வந்தியா? கோபு சொன்னான், யாராவது அளப்பாங்கன்னு. நேர்லயே வருவேன்னு நெனக்கல."

"நேர்ல வந்தாத்தான் அளக்க முடியும்மா."

"கடல் எங்களத் தூக்கிட்டுப் போயிடுமா?"

"கடல் எட்டமாத்தான்மா இருக்குது."

"எனக்கு அது கவலையில்ல. இந்த மெஷின் நின்னா நானும் நின்னுடுவேன். அதான் ஒரே கவலை." சுகந்தா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி முடிந்தது. "பேட்டரி அரை மணி தாங்கும். அதுக்கப்புறம் கோபுதான். சின்ன வயசுல நான் அவனைத் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன். இப்ப அவன் என்னைத் தூக்கறான். ரேவதி, இவங்களுக்குத் தண்ணி குடு."

அஞ்சுகம் தண்ணீரைக் குடித்தாள். வெளியே வந்து அளவைக் கம்பத்தை நட்டாள். மதில் மூலைகள் நான்கு. தோட்டம். கடல் பக்கத்துப் படிக்கட்டு. பன்னிரண்டு புள்ளிகள் அளந்தாள். படிக்கட்டிலிருந்து அலை எண்பது மீட்டர் தள்ளி இருந்தது. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களின் வீடுகள். அவள் வெயிலில் நீண்ட நேரம் நின்றாள். பிறகு கம்பத்தை மடக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

*

மூன்றே முக்காலுக்கு நந்தகோபன் டீ மேசைப் பக்கம் வந்தார். அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. சுற்றிலும் நீலப் பட்டிக்காரர்கள். அவர் கண் மஞ்சள் அட்டையில் இருந்த பெயரில் விழுந்தது.

"நீங்கதான் தென்கரை அஞ்சுகமா? நம்ம வீட்டு ஃபைல் உங்ககிட்டதானே? என் பி.ஏ. மெசேஜ் போட்டிருப்பாரே."

"போட்டாருங்க சார். வழக்கம்போல முடிச்சுடுங்கன்னு."

"முடிஞ்சுதா?"

"கெடு முடியறவரைக்கும் சொல்லக்கூடாதுங்க சார். நீங்க வெச்ச விதி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "கரெக்ட், கரெக்ட். எங்கிட்டயேவா? சரி, போடலைன்னா இப்பவே போட்டுடுங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

"இங்கேர்ந்து போட முடியாது சார். அங்க நின்னுதான் போடணும். அதுவும் நீங்க வெச்சதுதான்."

இப்போது அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்சம் தள்ளி வரும்படி சைகை செய்தார். தூணோரம் போனார்கள்.

"பாருங்கம்மா, இது விளையாட்டில்ல. எங்கக்கா அங்க படுத்திருக்காங்க."

"தெரியும் சார். பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்ப போயிருக்கீங்க. அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"அது தரைதானே?"

"கோரைமேடும் தரைதான் சார்."

அந்தப் பெயர் அவர் முகத்தில் எதையும் அசைக்கவில்லை. அவர் தேடினார். அவர் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு பேர் செத்த ஊரைத் தலைக்குள் தேடி எடுக்க ஒரு மனிதருக்கு எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தாள்.

"பழவேற்காட்டுப் பக்கம்..." என்றார் கடைசியில்.

"நாப்பத்தொரு புள்ளி அனுப்பினேன். அங்க பொறந்தவ, பற்று இருக்கும், செல்லாதுன்னு எழுதினீங்க. என் தம்பி மாசிலாமணி. அவன் வீட்டுக்குள்ள செத்தான். கடல்ல செத்தான்னு சர்டிபிகேட் குடுத்தாங்க."

அவர் ஓரடி நெருங்கினார். அவள் முகத்தைப் படித்தார். அதில் இருந்ததை அவரே படித்துக்கொண்டார். அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"நீங்க போடல," என்றார்.

அவள் கழுத்தில் இருந்த அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"நாலு மணிக்குத் தானா கரண்ட் போயிடும். பேட்டரி அரை மணிதான். இங்கேர்ந்து போய்ச் சேரவே ஒண்ணேகால் மணி ஆகும். அந்த நர்ஸ் பொண்ணால அவங்களத் தூக்கக்கூட முடியாதும்மா."

"ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க சார்."

"வந்து சேரவே நாலு தாண்டிடும். நாலு மணிக்கு மேல ஆம்புலன்ஸ்..." அவர் நிறுத்தினார்.

"கடலுக்கு வராது," என்றாள் அஞ்சுகம்.

மேடையிலிருந்து அவர் பெயரை அழைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அவர் நகராமல் நின்றார். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில்.

"ஒருத்தரைப் பழிவாங்க இன்னொரு உயிரா? நீங்க மனுஷிதானா?"

"அத நீங்க விசாரணையில உங்களையே கேட்டிருக்கலாம் சார்."

மறுபடி அழைத்தார்கள். அவர் திரும்பி நடந்தார்.

*

அஞ்சுகம் பத்தாவது வரிசையில், சவரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் இழுக்காமல் போகலாம். அக்காவைவிடப் பெயர் பெரிது என்று நினைக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அல்லது விசையே இல்லாமல் இருக்கலாம். அவர் விசாரணையில் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் இந்த ஐந்து வருடம் ஒன்றுமில்லை. இன்னொரு பட்டியலுக்கு அவர் வீடு வர ஓராண்டாகும். அதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

திரையில் கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரை கரை விரிந்தது. மூலையில் கடிகாரம். மூன்று ஐம்பத்து மூன்று.

நந்தகோபன் பெட்டியில் விரல் வைத்தார். திரை அவர் பெயரைச் சொல்லி வணங்கியது.

"நண்பர்களே," என்றார். குரல் சரியாக இருந்தது. "நாற்பது வருஷமா நாம நேத்தைய நிலத்தைத்தான் வரைஞ்சுட்டிருந்தோம். நாளைய நிலத்தை வரைய..."

நிறுத்தினார். மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார். அதே வாக்கியம். மறுபடி நிறுத்தினார்.

மூன்று ஐம்பத்தாறு.

"என்னாச்சு இவருக்கு? பிரஷரா?" என்றார் சவரிமுத்து.

அஞ்சுகம் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று ஐம்பத்தேழு. நந்தகோபன் மைக்கை விட்டு விலகிப் பெட்டியின் முன்னால் குனிந்தார். விரல்கள் வேகமாக ஓடின. பெட்டியில் வருவது எல்லாம் பின்னால் இருக்கும் பெரிய திரையிலும் வருகிறது என்பதை அவர் மறந்திருக்க வேண்டும். அல்லது நினைவிருந்தும் நேரம் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

யாரும் பார்த்திராத ஒரு பக்கம் திரையில் திறந்தது.

'முழுக் கரையையும் இன்றைய நிலைக்குத் திருப்பு.'

முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன.

ஒரு வீட்டை மட்டும் திருப்ப அதில் இடமில்லை. கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆணையிடுபவர். காரணம். முதல் கட்டத்தில் அவர் தன் பெயரை அடித்தார். இரண்டாவதில் கை நின்றது. நானூறு பேர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஐம்பத்தெட்டு.

'உயிர் ஆபத்து' என்று அடித்தார். பொத்தானை அழுத்தினார்.

நீலம் பின்வாங்கியது. முதலில் தெற்கே, பிறகு மேலே மேலே. தேரி மணல்மேடுகள், உப்பளங்கள், குப்பங்கள். ஐந்து ஆண்டில் கடலாக்கியது எல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக எழும்பி வந்தது. பின்வரிசைகளில் மஞ்சள் அட்டைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ தன் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள்.

சவரிமுத்து அவள் தோளைப் பிடித்தார். "அக்கா. அங்க பாருங்க. உங்க ஊரு. கடலாயிடும்னு சொன்ன அஞ்சு வருஷம் முடிஞ்சுபோச்சு. அப்படியே கெடக்கு பாருங்க."

அவள் பார்த்தாள். ஆளில்லாத அந்த மணல்திட்டு முழுசாக இருந்தது. நாற்பத்தொரு புள்ளிகளும் தரையில்தான் இருந்தன.

முன்வரிசையில் ஒரு நிருபர் எழுந்தார். "சார், இப்படி ஒரு வழியே கிடையாதுன்னு கமிஷன்ல சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே சார்?"

நந்தகோபன் நிமிர்ந்தார். அப்போதுதான் பின்னால் திரும்பித் திரையைப் பார்த்தார். தன் பெயர் அங்கே ஒவ்வோர் எழுத்தும் ஓராள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்தார்.

"சார், புயலுக்கு முன்னாடியும் இது இருந்துச்சா? பதில் சொல்லுங்க சார்."

இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கேமராக்கள் மேடையை நோக்கி நகர்ந்தன.

கடிகாரம் நான்கைத் தொட்டது.

மாதக் கெடு முடிந்தால் மூடிய உறைகள் தானாகத் திறக்கும். யாரும் அதை நிறுத்த நினைக்கவில்லை. திரையின் ஓரத்தில் இந்த மாத ஆட்சேபங்கள் வரிசையாக வந்தன. மொத்தம் ஆறு. நான்காவதை நந்தகோபன் படிப்பதை அஞ்சுகம் பார்த்தாள்.

'தென்கரை. கானத்தூர் தெற்கு. வீடும் தோட்டமும். பன்னிரண்டு புள்ளிகள். தரை. பதிவு: இன்று காலை 9.12. சரிபார்ப்பாளர்: கோ. அஞ்சுகம்.'

அவர் அதை இரண்டு முறை படித்திருக்க வேண்டும். பிறகு மேடையை விட்டு இறங்கினார். நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பத்தாவது வரிசைக்கு வந்தார். நடையில் இப்போதுதான் வயது தெரிந்தது.

"காலைலயே போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"கரண்ட் போயிருக்காது. எங்கக்காவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காது."

"நான் சும்மா நின்னிருந்தாலே போதும்."

"போதும் சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் வாழ்நாள்ம்மா இது. ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லக்கூடாதுன்னு விதி."

அவர் கண்கள் சிவந்திருந்தன. சுற்றிலும் மைக்குகள் நீண்டன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வெறுப்பை வெச்சுக்கிட்டு," என்றார், "ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

அஞ்சுகம் கழுத்திலிருந்து மஞ்சள் பட்டியைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"எட்டி நின்னு அளந்தேன், கிட்ட நின்னு அளந்தேன், அது தரைதான் சார்," என்றாள். "தரையைக் கடல்னு எழுத எனக்கு வராது."